தகடு காத்திருக்காது: ஒரு டிவிடி ரைட்டருக்குப் பெட்டி தேடிய கதை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் போனில் கேட்டார். "சார், பழைய கம்ப்யூட்டரிலிருந்து டிவிடி ரைட்டரைக் கழற்றி வச்சிருக்கேன். லேப்டாப்பில் வெளியே மாட்ட ஒரு கேஸிங் வாங்கணும். யுஎஸ்பி போதுமா, வேற ஏதாவது பார்க்கணுமா?"

வரலாறு நடத்திய வாத்தியாரிடம் இதை ஏன் கேட்கிறார் என்று தோன்றும். 2003 முதல் 2006 வரை எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சுற்று வட்டாரத்துப் பெரியவர்களைப் பேசவைத்து கேசட்டில் பதிவு செய்தோம். 1952 புயலைப் பார்த்தவர்கள், மீட்டர் கேஜ் ரயிலில் நெல் ஏற்றியவர்கள், 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு எடுக்க நடந்தபோது சிறுவனாக ரோட்டோரம் நின்ற ஒரு முதியவர். கேசட் நாட்பட்டால் கெடும், சிடி காலத்துக்கும் இருக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் சிடியில் மாற்றினோம். 43 சிடி, பிறகு 6 டிவிடி. கேசட்டுகள் ஈரத்தில் பூஞ்சை பிடித்துப் போய்விட்டன. பேசியவர்களில் இன்று ஒருவரும் இல்லை. மிச்சம் இந்த 49 தகடுகள்தான். அன்று டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வந்த பையன்தான் இப்போது போன் செய்தவர். தகடுகளை ஒவ்வொன்றாகக் கணினிக்கு ஏற்றி, புதுத் தகட்டிலும் ஒரு பிரதி எடுத்து வைக்கலாம் என்பது அவர் யோசனை.

யுஎஸ்பி போதும், அடாப்டரைப் பார்த்து வாங்கு என்று இரண்டே வரியில் சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்காமல் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை வகுப்பிலேயே நான் விட்டதில்லை. அதனால் இந்தக் கதை.

சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த சிடி 1982-ல் கடைக்கு வந்தது. அது அச்சடித்த புத்தகம் மாதிரி, படிக்கலாம், எழுத முடியாது. எழுதக்கூடிய தகட்டை ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் 1988-ல் செய்துகாட்டியது. தகட்டின் அடியில் ஒரு சாய அடுக்கு இருக்கும். லேசர் அதைச் சுட்டுப் புள்ளி வைக்கும். உள் வட்டத்தில் ஆரம்பித்து வெளி விளிம்பு வரை ஒரே சுருள் கோடு. பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். அந்தக் கோட்டை ஆரம்பித்தால் முடிக்க வேண்டும். அன்றைய ரைட்டர்களுக்கு நடுவில் நிறுத்தி மறுபடி தொடரத் தெரியாது. சாயத்தில் ஒருமுறை சுட்டதை அழிக்கவும் முடியாது.

இதுதான் பிரச்சினையின் வேர். தகடு சுற்றிக்கொண்டே இருக்கும், கணினி அதற்கு ஈடுகொடுத்துத் தகவலை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். சாதாரண வேகம் என்றால் நொடிக்கு 150 கிலோபைட். இரண்டு மடங்கு வேகத்தில் எழுதினால் 300. ரைட்டருக்குள் ஒரு சின்னத் தற்காலிக நினைவகம் இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில் அது ஒரு மெகாபைட் அளவில் இருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கணினி மூன்று நொடிக்கு மேல் வேறு வேலையில் கவனம் வைத்தால் நினைவகம் காலியாகும், தகடு பாழ். நான்கு மடங்கு வேகத்தில் இரண்டு நொடிகூடக் கிடையாது. எழுதி முடியும் வரை மவுஸைத் தொடாதே, ஸ்கிரீன்சேவரை அணைத்துவை என்றெல்லாம் அந்தக் காலத்தில் சொல்வார்கள். மூடநம்பிக்கை இல்லை, அனுபவம். அமெரிக்காவில் பாழான சிடியைக் காப்பி டம்ளர் வைக்கும் தட்டு என்று கேலி செய்தார்கள். நம்மூரில் அது கொல்லையில் காக்கா விரட்டத் தொங்கியது.

அதனால்தான் முதல் தலைமுறை ரைட்டர்கள் எல்லாம் ஸ்கஸி இணைப்பில் வந்தன. 1986-ல் தரப்படுத்தப்பட்ட இணைப்பு அது. சர்வர்களிலும் மேக் கணினிகளிலும் இருந்தது. கணினியின் மூளைக்கு அதிக வேலை வைக்காமல் சீராகத் தகவலைக் கொண்டுபோகும். பென்சில் மொத்தத்துக்கு ஒரு கேபிள், கடைசிக் கருவியின் வாலில் டெர்மினேட்டர் என்றொரு மூடி, ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண். இரண்டு கருவிக்கு ஒரே எண் விழுந்தால் தகராறுதான். தனியாக ஒரு கார்டும் வாங்க வேண்டும். 1995-ல் ஹெச்பி நிறுவனம் ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு ரைட்டரை விற்றது பெரிய செய்தியானது. அதற்கு முன்பு அது ஸ்டுடியோக்களின் சரக்கு.

பிறகு மலிவு வழி ஒன்று பிறந்தது. ஹார்ட் டிஸ்குக்கு எல்லாக் கணினியிலும் இருந்த ஐடிஇ பட்டை கேபிளிலேயே சிடி டிரைவையும் மாட்டலாம் என்று ஏற்பாடு. ஆனால் ஐடிஇ-யின் மொழியில் "தட்டை வெளியே தள்ளு", "தகடு இருக்கிறதா பார்" என்பதற்கெல்லாம் சொல் கிடையாது. அதனால் ஸ்கஸியின் கட்டளைகளை அப்படியே பொட்டலமாகக் கட்டி ஐடிஇ கேபிளில் அனுப்பினார்கள். அட்டாப்பி என்று பெயர். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கேஸிங் வாங்கும்போது மறுபடி வரும். இன்று நாம் மாட்டுகிற யுஎஸ்பி ரைட்டருக்குள்ளும் ஓடுவது அந்த ஸ்கஸி வழிவந்த கட்டளைகள்தான். உருவம் செத்தாலும் மொழி சாகவில்லை.

ஐடிஇ கணினிக்கு உள்ளே மட்டும். வெளியே வைக்க என்ன வழி? பிரிண்டர் போர்ட்டில் மாட்டும் ரைட்டர்கள்கூட விற்றன. பொறுமைசாலிகளுக்கானவை. 1996 ஜனவரியில் யுஎஸ்பி முதல் தரநிலை வந்தது. இன்டெல், மைக்ரோசாஃப்ட், ஐபிஎம், காம்பேக், என்இசி உள்ளிட்ட ஏழு நிறுவனங்களின் கூட்டு முயற்சி. இன்டெல்லில் அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர் பரோடாவில் படித்த அஜய் பட். 1998 ஆகஸ்டில் வந்த ஆப்பிளின் ஐமேக், ஃப்ளாப்பியையும் பழைய போர்ட்களையும் தூக்கிவிட்டு யுஎஸ்பியை வைத்தபோதுதான் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அதன் வேகம் நொடிக்கு 12 மெகாபிட். பைட்டில் சொன்னால் அதிகபட்சம் ஒன்றரை மெகாபைட், கைக்குக் கிடைப்பது ஒரு மெகாபைட்டை ஒட்டி. அதனால் அந்தக் கால யுஎஸ்பி சிடி ரைட்டர்கள் பெரும்பாலும் நான்கு மடங்கு வேகத்தோடு நின்றன. ஒரு முழு சிடிக்குப் பத்தொன்பது இருபது நிமிடம். பிள்ளைகள் அதற்குள் ஒரு ஆட்டம் கிரிக்கெட் முடித்துவிட்டு வருவார்கள்.

இந்த இடத்தில்தான் ஃபயர்வயர் வருகிறது. என் மனசு இன்றும் கொஞ்சம் அந்தப் பக்கம்தான்.

ஆப்பிள் ஆரம்பித்து, சோனி போன்றவர்களும் கைகொடுத்து, 1995-ல் ஐஇஇஇ 1394 என்ற தரநிலையானது ஃபயர்வயர். அதே வருடம் சோனியின் டிஜிட்டல் வீடியோ கேமராவில் அந்தப் போர்ட் இருந்தது. சோனி அதை ஐலிங்க் என்று அழைத்தது. வேகம் நொடிக்கு 400 மெகாபிட். யுஎஸ்பி 12-ல் நின்றபோது இது 400. வேகத்தைவிட முக்கியமான வித்தியாசம் குணத்தில். யுஎஸ்பி என்பது கண்டிப்பான வகுப்பறை, வாத்தியார் கேட்டால்தான் பிள்ளை வாய் திறக்கலாம். கணினி ஒவ்வொரு கருவியையும் மாற்றி மாற்றி விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும். கணினி வேறு வேலையில் திணறினால் விசாரணையும் தாமதிக்கும். ஃபயர்வயர் ஆசிரியர் ஓய்வறை, எல்லோரும் சமம். ரைட்டரே கணினியின் நினைவகத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். காத்திருக்கத் தெரியாத தகட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தோழன் யார்? அந்த ஆறு ஊசி கேபிளில் மின்சாரமும் தாராளமாக வரும். 2001-ல் இந்தத் தொழில்நுட்பத்துக்காக ஆப்பிளுக்குத் தொலைக்காட்சித் துறையின் எம்மி விருதுகூடக் கிடைத்தது.

அப்புறம் ஏன் தோற்றது? 1999-ல் ஆப்பிள் ஒரு போர்ட்டுக்கு ஒரு டாலர் உரிமக் கட்டணம் கேட்டது. ஒரு டாலர்தானே என்று தோன்றும். கணினித் தொழிலில் காசுகளை எண்ணிப் பலகை செய்கிறவர்களுக்கு அது யானை விலை. எதிர்ப்பு கிளம்பி, மற்ற காப்புரிமைக்காரர்களும் சேர்ந்து ஒரு கருவிக்கு 25 சென்ட் என்று இறக்கினார்கள். வாய்தவறிய பேச்சைத் திரும்ப வாங்க முடியவில்லை. யுஎஸ்பிக்கு இப்படி ராயல்டி கிடையாது. இன்டெல் தன் சிப்செட்டுக்குள் ஃபயர்வயரை வைக்கவில்லை. 2000 ஏப்ரலில் 480 மெகாபிட் வேகத்தில் யுஎஸ்பி 2.0 தரநிலையை வெளியிட்டார்கள். நிஜத்தில் இரண்டையும் ஓடவிட்டால் 400 என்று எழுதிய ஃபயர்வயர்தான் 480 என்று எழுதிய யுஎஸ்பியை ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் முந்தியது. பெட்டிமேல் அச்சடித்த எண் பெரிதாக இருந்தது யுஎஸ்பிக்குத்தான். கடையில் விற்பது அச்சடித்த எண்.

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. எனக்கு முக்கியமாகப் படுவது அதே 2000-ல் நடந்த இன்னொரு சம்பவம். ஜப்பானின் சான்யோ நிறுவனம் பர்ன்-ப்ரூஃப் என்று ஒரு உத்தியைக் கொண்டுவந்தது. தற்காலிக நினைவகம் காலியாகப் போகிறது என்று தெரிந்தவுடன் ரைட்டர் தானாகவே லேசரை நிறுத்தும், நிறுத்திய இடத்தைக் குறித்துக்கொள்ளும், நினைவகம் நிறைந்ததும் அதே புள்ளிக்குத் திரும்பி வந்து ஒட்டவைத்துத் தொடரும். பிளெக்ஸ்டர் ரைட்டரில் முதலில் வந்தது, சீக்கிரமே வேறு வேறு பெயர்களில் எல்லா ரைட்டரிலும் வந்துவிட்டது.

என்ன நடந்தது பாருங்கள். பன்னிரண்டு வருடமாக இருந்த பயம் போய்விட்டது. தகடு காத்திருக்கக் கற்றுக்கொண்டது. ஸ்கஸி எதற்காக விலை உயர்ந்திருந்ததோ, ஃபயர்வயர் எதற்காகச் சிறந்திருந்ததோ, அந்தக் காரணமே ரைட்டர் விஷயத்தில் கரைந்தது. சீரில்லாத, விசாரித்து விசாரித்துப் பேசும், மலிவான யுஎஸ்பி போதும் என்றானது. சண்டை நடந்தது கேபிளில், தீர்ப்பு எழுதப்பட்டது ரைட்டருக்குள். வீடியோக்காரர்கள் ஃபயர்வயரை இன்னும் சில வருடம் வைத்திருந்தார்கள், 2003-ல் இரட்டை வேகத்தில் ஃபயர்வயர் 800 வந்தது, 2008-ல் ஆப்பிளே சில மேக்புக்குகளில் அந்தப் போர்ட்டை எடுத்தது. 2025-ல் வந்த மேக்ஓஎஸ் டஹோவில் ஆதரவே இல்லை.

இனி பெட்டிக்கு வருவோம்.

கேஸிங் என்பது வெறும் தகர டப்பா அல்ல. அதற்குள் நகம் அளவு ஒரு பாலச் சில்லு இருக்கிறது. திருச்சி ஜங்ஷனில் ஒரு காலத்தில் ஈரோட்டுப் பக்கம் அகலப்பாதை, தஞ்சாவூர்ப் பக்கம் மீட்டர் கேஜ். சரக்கை இறக்கி மறு வண்டியில் ஏற்ற வேண்டும். அந்தப் போர்ட்டர் வேலைதான் இந்தச் சில்லுக்கு. ஒரு பக்கம் ஐடிஇ அல்லது சாட்டா, மறு பக்கம் யுஎஸ்பி அல்லது ஃபயர்வயர். போர்ட்டர் சரியில்லை என்றால் இரண்டு பக்கத்து ரயிலும் எவ்வளவு வேகமாக வந்தும் பயனில்லை. ஃபயர்வயர் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு 911 என்ற சில்லு இருக்கிறதா என்று கேட்டு வாங்கினார்கள், அதற்கு அவ்வளவு பெயர். இன்றைய சிக்கல் வேறு. ஹார்ட் டிஸ்குக்காகச் செய்த மலிவு சாட்டா-யுஎஸ்பி கேபிள்கள் பலவற்றின் சில்லுக்கு, நான் மேலே சொன்ன அட்டாப்பி மொழி தெரியாது. டிரைவ் சுற்றும், விளக்கு எரியும், கணினியில் ஒன்றும் தெரியாது. டிரைவ் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது மின்சாரம். இதில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும்.

2005-ல் சென்னை ரிச்சி தெருவில் யுஎஸ்பி, ஃபயர்வயர் இரண்டும் உள்ள ஒரு கேஸிங் வாங்கினேன். என் லேப்டாப்பில் இருந்தது சோனி வகை நாலு ஊசிப் போர்ட், கேஸிங்கில் ஆறு ஊசி. அதற்கு ஒரு கேபிள் தேடி இன்னொரு நாள் அலைச்சல். எல்லாம் மாட்டி எழுதினால், டிவிடியின் முதல் பாதி சுத்தமாக இருக்கும், கடைசிப் பகுதியில் பிழை. தகட்டைக் குறை சொன்னேன். வேறு கம்பெனி தகடு வாங்கினேன். கேபிளைக் குறை சொன்னேன், யுஎஸ்பிக்கு மாறினேன். அதே பிழை. பதினொரு தகடு போனது. கடைசியில் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பெட்டியோடு வந்த அடாப்டர், எழுதும்போது 12 வோல்ட்டுக்குப் பதில் 11-ஐ ஒட்டித் தந்துகொண்டிருந்தது. வெளி விளிம்பை நோக்கிப் போகப் போக எழுதும் வேகம் கூடும், லேசருக்குக் கூடுதல் சக்தி வேண்டும். சரியாக அந்த இடத்தில் அடாப்டர் மூச்சு வாங்கியது. ஃபயர்வயரா யுஎஸ்பியா என்று இரண்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன், குற்றவாளி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

பெரிய ரைட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் 5 வோல்ட்டிலும் 12 வோல்ட்டிலும் ஒன்றரை ஆம்பியரை ஒட்டி எழுதியிருக்கும். பெருக்கிக் கூட்டினால் ஏழரையும் பதினெட்டும், இருபத்தைந்தரை வாட். 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் தருவது 24. எப்போதும் உச்சத்தில் இழுக்காது என்றாலும் இது விளிம்பில் நிற்பது. 3 ஆம்பியர் இருந்தால் நிம்மதி. யுஎஸ்பி போர்ட் தரும் மின்சாரம் இதற்கு உறைபோடக் காணாது. யுஎஸ்பி 2.0 தருவது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், இரண்டரை வாட். 3.0-வில் நாலரை வாட்.

லேப்டாப்பின் மெல்லிய ரைட்டர் 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும், அதனால் தனி அடாப்டர் இல்லாமல் வருகிறது. யுஎஸ்பி 2.0 நாட்களில் அதற்கும் போதாமல் இரட்டைத் தலைக் கேபிள் கொடுத்தார்கள், ஒன்று தகவலுக்கு, இன்னொன்று மின்சாரப் பிச்சைக்கு. ஆப்பிள் 2008-ல் மேக்புக் ஏருக்காக விற்ற வெளி ரைட்டர், வழக்கத்தைவிட அதிக மின்சாரம் கேட்டதால் தன் கணினிகளைத் தவிர வேறு எதிலும் ஓடாது.

நடுவில் 2004 வாக்கில் இசாட்டா என்று ஒன்று வந்தது. சாட்டாவை அப்படியே வெளியே நீட்டியது, பாலச் சில்லே வேண்டாம், நல்ல வேகம். ஆனால் கேபிளில் மின்சாரம் கிடையாது, சில கன்ட்ரோலர்களில் சிடி டிரைவே தெரியாது. 2008 கடைசியில் யுஎஸ்பி 3.0 தரநிலை வந்தபிறகு அதைத் தேடுவாரில்லை.

வேகக் கணக்கு ஒன்று பாக்கி. டிவிடியின் ஒரு மடங்கு வேகம் நொடிக்கு 1.385 மெகாபைட். 16 மடங்கு என்றாலும் 22. யுஎஸ்பி 2.0 கைக்குத் தருவது முப்பதுக்கு மேல். ஆக சிடிக்கும் டிவிடிக்கும் பழைய யுஎஸ்பி 2.0 கேஸிங்கே தாராளம். ப்ளூரே என்றால் ஒரு மடங்கே நாலரை மெகாபைட், 12 மடங்குக்கு 54, அதற்கு 3.0 வேண்டும். டைப்-சி என்பது வாயின் வடிவம் மட்டும், அதைப் பார்த்து வேகத்தை முடிவு செய்யாதீர்கள்.

மாணவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான். உன்னிடம் இருப்பது சாட்டா ரைட்டரா, பட்டை கேபிள் ஐடிஇ ரைட்டரா என்று முதலில் திருப்பிப் பார். ஐடிஇ என்றால் பின்னால் உள்ள ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும். கேஸிங் அட்டையில் சிடி, டிவிடி டிரைவுக்கு என்று எழுதியிருக்க வேண்டும், ஹார்ட் டிஸ்க் என்று மட்டும் இருந்தால் வேண்டாம். அடாப்டர் 12 வோல்ட், 3 ஆம்பியர். மெல்லிய ரெடிமேட் ரைட்டர் விலை குறைவு, தூக்கிப்போக வசதி. ஆனாலும் பழைய பெரிய ரைட்டரைத் தூக்கிப்போடாதே. சோனி 2025 பிப்ரவரியோடு எழுதக்கூடிய ப்ளூரே தகடு தயாரிப்பையே நிறுத்திவிட்டது. நல்ல ரைட்டர்கள் இனிக் குறையுமே தவிரக் கூடாது.

அவர் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்தார். சாட்டா ரைட்டர், யுஎஸ்பி 3.0 கேஸிங், அடாப்டர் மட்டும் தனியாக வாங்கியது. முதலில் என் பேத்தியின் மெல்லிய ரைட்டரில் 14-ஆம் எண் சிடியைப் போட்டோம், அது உப்பு யாத்திரை முதியவரின் தகடு. 31-ஆவது நிமிடத்தில் திக்கி நின்றது, மூன்று முறையும் அதே இடம். பெரிய ரைட்டரில் போட்டு வேகத்தை நான்கு மடங்குக்குக் குறைத்தோம். அந்த இடத்தில் கொஞ்சம் முனகியது, முன்னும் பின்னும் தேடியது, பிறகு தாண்டிவிட்டது. போலீஸுக்குப் பயந்து திண்ணையில் சோறு போட முடியாமல், மரக்கிளையில் பொட்டலம் கட்டித் தொங்கவிட்டதாக அவர் அம்மா சொன்னதை அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பையன் இருமுகிற சத்தம். "சார், அது நான்தான்" என்றார் மாணவர்.

இதுவரை 26 தகடு ஏற்றியாகிவிட்டது. இரண்டு மட்டும் எதிலும் படிக்கவில்லை, சாயம் ஓரத்தில் வெளுத்திருக்கிறது. அவற்றைத் தனியாக இருட்டில் வைத்திருக்கிறேன். பழைய பிளெக்ஸ்டர் ரைட்டர் யாரிடமாவது பரணில் கிடந்தால், ஐடிஇ என்றாலும் சரி, சொல்லுங்கள். கேஸிங் என்னிடம் இருக்கிறது. அந்த 2005-ஆம் வருடத்துப் பெட்டிதான், அடாப்டர் மட்டும் புதுசு.